வேர் நம்மூர்க் காட்டு இலந்தை, கிளை உம்ரான்

கள்ளிக்குடி, தே.கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கம் மானாவாரிக் காடு வைத்திருப்பவர்கள், "தண்ணி அதிகம் கிடையாது, ஏதாவது பழமரம் வைக்கணும், என்ன வைக்கலாம்?" என்று கேட்கும்போதெல்லாம் நான் சொல்வது இலந்தை. சொன்னதும் பலருக்கு முகம் மாறும். மாவையோ கொய்யாவையோ எதிர்பார்த்து வந்திருப்பார்கள். ஓடைக்கரையில் தானாக முளைத்து, ஆட்டுக்கு இலையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பழமும் கொடுத்துக்கொண்டு நிற்கிற முள்மரத்துக்குப் போய்க் குழி வெட்டி எருப் போடுவதா என்ற எண்ணம். எங்கள் சித்தப்பா நேராகவே கேட்டார்: "ஏம்ப்பா, இலந்தைக்குப் போயி யாராச்சும் குழி வெட்டுவாகளா? அது பாட்டுக்கு மொளைக்குது, அது பாட்டுக்கு காய்க்குது."

அது பாட்டுக்கு முளைப்பதால்தான் அந்த மரத்தைச் சொல்கிறேன். மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 850 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. அதில் ஏறக்குறையப் பாதி வடகிழக்குப் பருவமழையில் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். மீதி மாதங்களை மரம் தன் கெட்டிக்காரத்தனத்தால்தான் ஓட்ட வேண்டும். பெரியாறு பாசனம் பாயும் மேலூர்ப் பக்கத்துக்கு இந்தக் கவலை இல்லை. திருமங்கலத்துக்குத் தெற்கே வந்துவிட்டால் கரிசலும் செவலும் சரளையும்தான், கிணற்றிலும் போர்க்குழாயிலும் இருப்பதுதான் தண்ணீர். இலந்தை இந்தப் பூமிக்கென்றே தன் வருடத்தை அமைத்துக்கொண்டிருக்கிறது. பழம் முடிந்து வெயில் ஏற ஏற இலையைக் கொட்டி ஓய்வுக்குப் போய்விடும். கோடை மழைக்கும் ஆடிச் சாரலுக்கும் துளிர்க்கும். ஆவணி, புரட்டாசியில் பூக்கும். அடைமழையில் பிஞ்சு பெருத்து மார்கழி, தையில் பழுக்கும். தண்ணீர் இல்லாத மாதங்களில் அதற்குத் தண்ணீர் தேவைப்படாது, தேவைப்படும் மாதங்களில் வானம் கொடுத்துவிடும். ஆணிவேர் சுக்கான் கல்லையும் துளைத்துக்கொண்டு ஆழம் போகும். மற்றப் பழமரங்கள் திணறும் களர் மண்ணிலும் தாக்குப்பிடிக்கும்.

ஆனால் ஓடைக்கரை இலந்தையில் கொட்டைதான் பெரிது, சதை மெல்லிய தோல் மாதிரி. சந்தையில் நல்ல விலை வேண்டும் என்றால் சதைப்பற்றுள்ள ஒட்டு ரகம் வேண்டும். எந்த ரகம் என்று முடிவு செய்வதில்தான் நம் ஆட்கள் அவசரப்படுகிறார்கள் என்று நினைக்கிறேன். பழத்தின் பருமனைப் பார்த்து ரகத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. எப்போது பழுக்கிறது, உங்கள் தண்ணீருக்குத் தாங்குமா, எந்த வாங்குகிறவருக்குப் போகப் போகிறது, இந்த மூன்றையும் பார்த்த பிறகு பருமனைப் பார்க்கலாம்.

இந்தியாவில் பெயர் பெற்ற இலந்தை ரகங்கள் பெரும்பாலும் வடக்கிலிருந்து வந்தவை. ஹரியானா, ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், குஜராத் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து ஒட்டுக் கட்டிக் காப்பாற்றியவை. கோலா, கைத்தலி, பனாரசி, செப், முண்டியா, உம்ரான் ஆகியவைதான் தமிழ்நாட்டுக்கும் வந்து நிலைத்த பெயர்கள். பனாரசி என்றால் காசிப் பக்கத்து ரகம், கைத்தலி ஹரியானாவின் கைத்தல் ஊர்ப் பெயரைத் தாங்கியது. பிகானீரில் உள்ள மத்திய வறண்ட மண்டலத் தோட்டக்கலை நிறுவனம் செப்பையும் கதா என்ற உள்ளூர் வகையையும் இணைத்துத் 'தார் சேவிகா' என்ற கலப்பினத்தை உருவாக்கியது. குஜராத்தின் கோத்ராவில் உள்ள அதன் ஆய்வு மையத்தில் உம்ரானிலிருந்தே தேர்ந்தெடுத்த 'கோமா கீர்த்தி', தாய் ரகத்தைவிட முன்னதாகவே பழுத்துவிடும். நமக்குப் பக்கத்தில் அருப்புக்கோட்டையை அடுத்த கோவிலாங்குளத்தில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இலந்தை, நெல்லி, சீத்தா, விளா போன்ற வறட்சி தாங்கும் பழமரங்களில் வேலை செய்கிறது. நம் மண்ணையும் நம் வெயிலையும் போலவே இருக்கும் இடம் அது. ரகத்தைப் பற்றி முடிவெடுக்கும் முன் அங்கே ஒரு முறை போய்க் கேட்பது, இணையத்தில் பத்து வீடியோ பார்ப்பதைவிட நல்லது. மதுரைக்காரர்களுக்கு ஒத்தக்கடை வேளாண் கல்லூரி வளாகமும் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியும் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.

கோலா உருண்டையானது, சாறு நிறைந்தது, மற்ற ரகங்களுக்கு முன்னால் வந்துவிடும். சந்தையில் இலந்தையே இல்லாத நேரத்தில் வருவதால் முதல் விலை கோலாவுக்குத்தான். சீக்கிரம் காய்ப்பதால் மழை நின்ற பிறகு மண்ணில் இருக்கும் ஈரமே அதற்குப் பெரும்பாலும் போதும். பாசன வசதி இல்லாத மானாவாரிக்கு நான் முதலில் சொல்லும் பெயர் இது. பனாரசி நீள்வாட்டமாக நுனி குறுகி இருக்கும். பருவத்தின் நடுவில் வருவது, கடித்தால் மென்மையாக இனிக்கும், வீட்டில் தின்பதற்கு இதைவிட நல்ல பழம் இல்லை என்பது என் அபிப்பிராயம். கைத்தலியும் நடுப்பருவம்தான். முண்டியா மணி வடிவத்தில் இருக்கும். உம்ரான் கடைசியில் வருவது. முட்டை வடிவம், பொன் மஞ்சள் நிறம், 30 கிராமைத் தாண்டும் எடை, கெட்டியான சதை. மதுரையிலிருந்து வண்டி ஏற்றி வெளியூர் அனுப்பினாலும் நசுங்காது. விட்டுவைத்தால் பொன் மஞ்சள் மாறிச் சாக்லேட் பழுப்புக்கு வந்துவிடும், அதற்கு முன்பே பறித்துவிட வேண்டும். உம்ரானுக்குச் சாம்பல் நோய் சட்டென்று ஒட்டும், பருவக் கடைசி வரை ஈரமும் வேண்டும். இரண்டு மூன்று தடவையாவது காய் பெருக்கும் நேரத்தில் தண்ணீர் கொடுக்க முடிகிறவர்கள் வைக்கலாம்.

இனி ஆப்பிள் இலந்தைக்கு வருகிறேன். தாய்லாந்து வழியாக வந்த இந்த ரகத்தின் பழம் 60 கிராமுக்கு மேல் போகும், நன்றாகப் பராமரித்தால் 100 கிராம்கூட வரும். பச்சை ஆப்பிள் மாதிரி பளபளப்பு, முள் குறைவு, நட்ட முதல் ஆண்டே காய். கடைத்தட்டில் அடுக்கி வைத்தால் அதுதான் முதலில் கண்ணில் படும். ஆப்பிள் இலந்தை வைக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். சொட்டு நீர் போட்டு, வருடா வருடம் கட்டையளவுக்கு வெட்டி, காய்ப் பாரத்தில் கிளை ஒடியாமல் மூங்கில் முட்டுக் கொடுத்து, உரமும் வைக்க முடிந்தவருக்கு அது நல்ல வருமானம். ஆனால் அதை "வறட்சிக்கு ஏற்ற இலந்தை" என்று சொல்லி ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத காட்டில் நடச் சொல்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவு பெரிய பழத்தில் இருப்பதில் பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீர் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். ருசியிலும் குறை உண்டு. இனிப்பு இருக்கிறது, கொறுக்கென்று கடிபடுகிறது, ஆனால் இலந்தைக்கே உரிய அந்தப் புளிப்பு கலந்த மணம் மிகக் குறைவு. சிறு வயதில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு இலந்தை தின்று வளர்ந்தவர்கள் ஒரு தடவை வாங்குவார்கள், மறு தடவை யோசிப்பார்கள்.

ஒரே ரகத்தை முழுக் காட்டிலும் நடுவதற்கு நான் எதிராக இருப்பதற்கு விலை மட்டும் காரணமில்லை. இலந்தைப் பூ மிகச் சிறியது, மஞ்சள் கலந்த பச்சை, இலைக்கக்கத்தில் கொத்தாக வரும். சில ரகங்களில் பூ காலையில் விரியும், சிலவற்றில் மதியத்தில். ஒரு பூவில் மகரந்தம் முதலில் உதிரும், பெண் பாகமான சூலகமுடி அதற்குப் பிறகுதான் மகரந்தத்தை ஏற்கும் பக்குவத்துக்கு வரும். அதனால் தன் மகரந்தம் தனக்கே பயன்படுவது குறைவு. போதாததற்குச் சில ரகங்கள் தன் மகரந்தத்தால் காய் பிடிப்பதே இல்லை. தேனீயும் ஈயும் குளவியும் ஒரு ரகத்துப் பூவிலிருந்து இன்னொரு ரகத்துப் பூவுக்குப் போனால்தான் காய்ப் பிடிப்பு நன்றாக இருக்கும். ஆகவே வரிசைக்கு வரிசை ரகம் மாற்றி நடுங்கள். கோலா, பனாரசி, உம்ரான் மூன்றும் கலந்திருந்தால் மகரந்தத்துக்கும் நல்லது, பறிப்பும் கார்த்திகைக் கடைசியில் தொடங்கி மாசி வரை நீளும், கூலியாளை ஒரே வாரத்தில் தேடி அலைய வேண்டியதும் இல்லை. பூக்கும் மாதங்களில் பூச்சிமருந்து அடிக்காமல் இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

ரகத்தைவிட முக்கியமானது என்று நான் நினைப்பது, அந்த ரகம் எந்த வேரில் உட்கார்ந்திருக்கிறது என்பது.

நாற்றுப்பண்ணையில் பையில் வளர்ந்த ஒட்டுக் கன்றின் ஆணிவேர் பையின் அடியில் முட்டிச் சுருண்டிருக்கும். குழியில் நட்ட பிறகும் அந்தச் சுருள் நிமிர்வதில்லை. பக்கவேர்களை வைத்துக்கொண்டு மரம் பிழைக்கும், தண்ணீர் கொடுத்தால் காய்க்கும். ஆனால் மழை பொய்க்கும் வருடத்தில் ஆழத்தில் இருக்கும் ஈரத்தைத் தொட அதனால் முடியாது. வறட்சியைத் தாங்கும் மரம் என்று வாங்கி வந்து, வறட்சியைத் தாங்க வைக்கும் ஒரே உறுப்பை முதல் நாளே முடக்கிவிடுகிறோம்.

இதற்கு வழி, நட்ட இடத்திலேயே ஒட்டுக் கட்டுவது. குழியில் காட்டு இலந்தைக் கொட்டையைப் போட்டு, அது ஆணிவேரை நேராகக் கீழே இறக்கிய பிறகு, அதன் தண்டில் உம்ரானின் மொட்டையோ கோலாவின் மொட்டையோ கட்டுவது. வேர் நம்மூர் ஓடைக்கரையில் பிறந்தது, கிளை மட்டும் வடக்கிலிருந்து வந்தது. இலந்தை வளர்ப்பில் எனக்குத் தெரிந்த ஆகச் சிறந்த உத்தி இதுதான். செலவும் குறைவு.

கொட்டை சேகரிப்பது தை, மாசியில். ஊரில் நன்றாகக் காய்க்கும், நோய் இல்லாத காட்டு மரமாகப் பார்த்து, முழுதாகப் பழுத்து விழுந்த பழத்தைப் பொறுக்கிச் சதையைக் கழுவி நிழலில் உலர்த்திக்கொள்ளுங்கள். லிட்டர் தண்ணீருக்கு 170, 180 கிராம் கல்லுப்பைக் கரைத்து அதில் கொட்டையைக் கொட்டினால் சொத்தை மிதக்கும், நல்லது மூழ்கும். மூழ்கியதை எடுத்து உப்புப் போகக் கழுவிவிடுங்கள். ஓட்டோடு விதைத்தால் முளைக்க மூன்று, நான்கு வாரம் ஆகும், சில சமயம் அதற்கு மேலும். ஓட்டை விளிம்பில் மெதுவாகத் தட்டி உள்ளே இருக்கும் பருப்பை நசுங்காமல் எடுத்து விதைத்தால் ஒரு வாரத்தில் முளைத்துவிடும். பொறுமையான வேலை. எங்கள் வீட்டில் மதினி திண்ணையில் உட்கார்ந்து சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி எடுப்பார், அவர் கைப்பட்டது ஒன்றுகூட நசுங்காது.

குழி ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழம். மரத்துக்கு மரம், வரிசைக்கு வரிசை 8 மீட்டர். ஏக்கருக்கு 60 மரத்துக்குச் சற்று அதிகமாக வரும். "இம்புட்டு எடத்தை விடணுமா?" என்று கேட்பார்கள். விட வேண்டும், மானாவாரியில் ஒவ்வொரு மரமும் தன் மழையைத் தானே அறுவடை செய்தாக வேண்டும். ஆப்பிள் இலந்தையை வருடா வருடம் கட்டையளவுக்கு வெட்டுவதால் இதில் பாதித் தூரத்திலும் நடுகிறார்கள், அது பாசனத் தோட்டத்துக் கணக்கு. முதல் சில வருடங்கள் அந்த இடைவெளியில் உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, நிலக்கடலை என்று எது உங்கள் மண்ணுக்கு வருமோ அதைப் போடலாம். குழியில் மேல்மண்ணோடு மக்கிய தொழுவுரம் 20 கிலோ கலந்து நிரப்பி ஒரு மழை வாங்கவிட்டு, புரட்டாசி ஈரத்தில் குழிக்கு மூன்று விதை போடுங்கள். முளைத்ததில் வலுவான ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். சரிவு நிலமாக இருந்தால் மேட்டுப் பக்கத்திலிருந்து வரும் தண்ணீரைத் தேக்கும்படி ஒவ்வொரு குழிக்கும் கீழ்ப்புறம் பிறை வடிவில் வரப்புப் போட வேண்டும். முதல் கோடையில் மட்டும் குடத்தில் தண்ணீர் ஊற்றியாக வேண்டும், அதற்குச் சோம்பல்படக் கூடாது. ஆடு நுழையாமல் முள்வேலியும் வேண்டும், இலந்தைத் தளிர் ஆட்டுக்கு அவ்வளவு பிரியம்.

அடுத்த ஆனி, ஆடியில் தண்டு பென்சில் பருமனுக்கு வந்திருக்கும். அப்போது மொட்டுக் கட்டலாம். நல்ல காய்ப்புள்ள தாய் மரத்திலிருந்து, அந்த வருடம் விட்ட, காய்க்காத இளங்கிளையை எடுத்து ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவர வேண்டும். அதிலிருந்து மொட்டைக் கேடயம் போலப் பட்டையோடு சீவி எடுத்து, வேர்ச்செடியான காட்டு இலந்தையின் தண்டில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் 'டி' வடிவில் கீறிப் பட்டையை நெகிழ்த்தி உள்ளே செருகி, மொட்டின் கண் மட்டும் வெளியே தெரியும்படி பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டுவது. பட்டை சுலபமாக உரியும் பருவத்தில் செய்தால்தான் பிடிக்கும், காய்ந்த நாளில் செய்தால் வீண். மூன்று வாரத்தில் மொட்டுப் பச்சையாக இருந்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். மேலே உள்ள தண்டை வெட்டிவிட்டால் மொட்டுச் சீறிக்கொண்டு வரும். ஒட்டுக் கட்டத் தெரிந்தவர்களைப் பெரியகுளம், அருப்புக்கோட்டைப் பக்கங்களில் விசாரித்தால் கிடைப்பார்கள். ஒரு நாள் அவர்களோடு நின்று பார்த்தால் கை பழகிவிடும் என்பது என் அனுபவம்.

ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை விடவே கூடாது. அது காட்டு இலந்தையின் துளிர், மேலே இருக்கும் ஒட்டைவிட முரட்டு வேகத்தில் வளர்ந்து அதை அமுக்கிவிடும். முதல் இரண்டு வருடம் வாரம் ஒரு முறை குனிந்து பார்த்துக் கிள்ள வேண்டும்.

ஏற்கெனவே வரப்பிலும் ஓடையிலும் நிற்கும் பெரிய காட்டு மரங்களை என்ன செய்வது? தயவுசெய்து வேரோடு பிடுங்காதீர்கள். ஜேசிபி வைத்துச் சீமைக்கருவேலத்தை அகற்றும்போது பக்கத்தில் நின்ற இலந்தையையும் சேர்த்துப் பெயர்த்துப் போட்ட காடுகளைக் கள்ளிக்குடிப் பக்கம் பார்க்கும்போது வயிறு எரிகிறது. பல வருடம் பூமிக்குள் இறங்கிய வேர் அது. மாசி, பங்குனியில் அந்த மரத்தை இடுப்பளவு உயரத்தில் வெட்டிவிட்டால் சுற்றிலும் வேகமாகத் துளிர்க்கும். நாலு பக்கமும் பரவினாற்போல வலுவான நாலைந்தை மட்டும் விட்டு மற்றதைக் கழித்துவிட்டு, ஆனி, ஆடியில் அந்த நாலைந்திலும் மொட்டுக் கட்டுங்கள். இவ்வளவு பெரிய வேர் அடியில் இருப்பதால் ஒட்டு வளரும் வேகமே தனி. அடுத்த பருவத்திலேயே காய் பார்க்கலாம். சித்தப்பாவின் மனம் மாறியது இதைப் பார்த்துத்தான். வரப்பு மரம் ஒன்றில் உம்ரான் காய்த்துத் தொங்கியதைப் பார்த்துவிட்டு, "அந்த ஓடைக்கரை மரத்தையும் வெட்டிக் கட்டிப்புடுவோமாப்பா" என்று அவராகவே கேட்டார்.

கன்றுதான் வாங்க வேண்டும், வேறு வழியில்லை என்பவர்கள் வாங்கும்போது கண்ணைத் திறந்து வைத்திருங்கள். தெரிந்தவர் ஒருவர் வெளிமாவட்ட நாற்றுப்பண்ணை ஒன்றில் உம்ரான் ஒட்டு என்று வாங்கி நட்டு, மூன்று வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்த பிறகு காய்த்தது பொடிக் காட்டு இலந்தை. அவை ஒட்டே கட்டாத விதைக் கன்றுகள். தண்டின் அடியில் ஒட்டுப் போட்ட வடு, அதில் ஒரு சின்ன வளைவு இருக்க வேண்டும். அந்த வடுவுக்கு மேலே இருக்கும் இலை பெரிதாக, அகலமாக, அடிப்பக்கம் வெள்ளைப் பூப்போல மெல்லிய சுணையோடு இருக்கும். காட்டுக் கன்றின் இலை சிறிது, முள் நெருக்கம், ஒவ்வொரு கணுவிலும் ஒன்று நேராகவும் ஒன்று கொக்கி போல வளைந்தும் இருக்கும். வடுவே தெரியாத கன்றை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

கவாத்து, அதாவது வருடா வருடம் கிளைகளை வெட்டிவிடுவது பற்றிச் சொல்லாமல் இலந்தை பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. இலந்தை அந்த வருடம் விட்ட புதுக் கிளையில்தான் பூக்கும். பழைய கிளை அப்படியே நின்றால் புதுத் துளிர் நுனியில் மட்டும் வரும், காயும் நுனிக்கே போகும், வருடா வருடம் மரம் எட்டாத உயரத்துக்குப் போய்க் காய் சிறுத்துக்கொண்டே வரும். நம் ஊர் இலந்தை மரங்கள் பெரும்பாலும் அப்படித்தான் நிற்கின்றன. பறிப்பு முடிந்து இலை உதிரும் மாசி, பங்குனிதான் வெட்டும் நேரம். முந்திய வருடத்துக் கிளைகளைப் பாதிக்கு மேல் வெட்டிவிட வேண்டும். குறுக்கே போவது, தரையைத் தொடுவது, காய்ந்தது எல்லாவற்றையும் அடியோடு எடுத்துவிட வேண்டும். புதியவர்களுக்குக் கை நடுங்கும், மரம் செத்துப் போகுமோ என்று தோன்றும். நடுங்காமல் வெட்டுங்கள். இளங்கன்றாக இருக்கும்போதே இரண்டரை அடி உயரம் வரை ஒரே தண்டாக வைத்து, அதற்கு மேல் மூன்று நான்கு கிளைகளை நாலு திசைக்கும் விட்டு, கிண்ணம் போலத் திறந்த அமைப்பு வரும்படி பழக்கிவிட்டால் பிறகு ஏணி தேவைப்படாது. வெட்டிய கிளையும் வீணாகாது. இலை ஆட்டுக்கு, முள் வேலிக்கு, தடித்தது அடுப்புக்கு. ராஜஸ்தானில் இலந்தை இலையைக் காயவைத்துத் தீவனமாகச் சேமித்தே வைக்கிறார்கள்.

பழ ஈதான் இலந்தையின் பெரிய எதிரி. பட்டாணி அளவுப் பிஞ்சிலேயே தோலைத் துளைத்து முட்டை வைத்துவிடும். புழு கொட்டையைச் சுற்றிச் சதையைத் தின்று அழுக வைக்கும். வெளியே நன்றாகத் தெரியும் பழத்தைக் கடித்தால் உள்ளே புழு நெளியும், வாங்கியவர் அதோடு இலந்தையையே வெறுத்துவிடுவார். புழு வளர்ந்ததும் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். ஆகவே விழுந்த பழத்தைத் தினமும் பொறுக்கி ஆழக் குழியில் புதைப்பது முதல் வேலை. கோடையில் மரத்தடி மண்ணைக் கொத்திக் கிளறிப் புரட்டிவிட்டால் கூட்டுப்புழு வெயிலில் காய்ந்து சாகும், மீதியைக் கோழியும் மைனாவும் பொறுக்கிக்கொள்ளும். மருந்தைவிட இந்த இரண்டு வேலையில்தான் எனக்கு நம்பிக்கை. ஆனால் ஒருவர் மட்டும் செய்தால் பக்கத்துக் காட்டிலிருந்து ஈ வந்துகொண்டே இருக்கும், அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து செய்ய வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் பூவிலும் பிஞ்சிலும் திருநீறு பூசினாற்போல வெள்ளை படியும், அதுதான் சாம்பல் நோய். பிஞ்சு உதிரும், தப்பிய காயும் சொரசொரப்பாகிவிடும். நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்கலாம், உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும். உள்ளே காற்றும் வெளிச்சமும் புகும்படி கவாத்துச் செய்த மரத்தில் இது குறைவாகவே வரும்.

உரம் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. காய்க்கும் மரத்துக்கு வருடத்துக்கு 30 கிலோ தொழுவுரம், மழை தொடங்கும் நேரத்தில். மண் பரிசோதனை செய்துவிட்டு மற்றதை முடிவு செய்யலாம். காய் பெருக்கும் நேரத்தில் மழை இல்லாவிட்டால் ஒன்றிரண்டு தண்ணீர் கொடுத்தால் பழம் எடை கூடும். பறிப்புக்குப் பிறகு பாசனம் வேண்டாம், மரம் ஓய்வெடுக்கட்டும்.

பழம் ஒரே நேரத்தில் பழுக்காது. நிறம் மாறியதை மட்டும் நாலைந்து தடவையாகப் பறிக்க வேண்டும். கிளையை உலுக்கினால் செங்காயும் சேர்ந்து விழும், விழுந்தது கன்றிப்போய் மறுநாளே கறுக்கும். காலை வெயிலுக்கு முன் கையால் பறித்து, பெரியது சிறியது பிரித்து, அட்டைப்பெட்டியில் வைக்கோல் பரப்பி அனுப்பினால் மாட்டுத்தாவணிப் பழ மார்க்கெட்டில் கேட்கும் விலையே வேறு. நன்றாக வளர்ந்த ஒரு மரம் வருடத்துக்கு 100 கிலோ வரை தரும். கிளிக்கும் அணிலுக்கும் ஒரு பங்கு போகும்.

பிரித்தபோது ஒதுங்கும் பொடிப் பழமும் காட்டு இலந்தைப் பழமும் இலந்த வடைக்கு. உரலில் போட்டு, மிளகாய் வற்றல், உப்பு, புளி, பெருங்காயம், கொஞ்சம் வெல்லம் சேர்த்து இடித்துத் தட்டி வெயிலில் காயவைப்பது. இதற்கு ஆப்பிள் இலந்தை சரிப்படாது, உம்ரானும் அவ்வளவாக ஒத்துவராது. புளிப்பு நாட்டு மரத்தில்தான் இருக்கிறது. அதனால் ஒட்டுக் கட்டும்போது வரப்பில் இரண்டு காட்டு மரங்களைக் கட்டாமல் அப்படியே விட்டுவிடுங்கள். வடைக்கும் அதுதான், அடுத்த வேர்ச்செடிக்கு விதையும் அதுதான். கொட்டையின் முளைப்புத் திறன் வருடம் தாண்டினால் சரிந்துவிடும், இந்தத் தையில் பொறுக்கியதை வரும் புரட்டாசிக்குள் விதைத்துவிடுங்கள்.